காலையில் விழாத புள்ளி

"பிள்ளை, இது ஓலைச்சுவடி மாதிரியெல்லோ கிடக்கு" என்றார் மாஸ்டர்.

போன மார்கழி. எங்கள் வீட்டு விறாந்தைக் கதிரையில் இருந்துகொண்டு, நான் அச்செடுத்துக் கொடுத்த ஆறு பக்கங்களையும் மூக்குக்குக் கிட்டப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய தம்பியாரின் முப்பத்தோராம் நாளுக்கான கல்வெட்டு. வெளியூர் ஆட்களுக்காக ஒரு சொல்: நாங்கள் கல்வெட்டு என்று சொல்வது கல்லில் வெட்டியதை அல்ல. இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், பேரப்பிள்ளைகளின் கவிதை, கடைசியில் நன்றி நவிலல் எல்லாம் சேர்ந்த சின்னப் புத்தகம். அந்தியேட்டிச் சாப்பாடு முடிந்து போகிறவர்களின் கையில் கொடுப்பது. எங்கள் ஊர்க் கல்வெட்டு என்றால் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் இல்லாமல் இராது.

தாளை வாங்கிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் 'அமரர' என்று இருந்தது. அதற்குக் கீழே 'கணணீர அஞ்சலி'. இன்னும் கீழே 'மக்கள, மருமககள்'. எல்லா இடத்திலும் பிழை என்றால் எனக்கே கண்ணில் பட்டிருக்கும். ஒரு சொல்லில் முதல் புள்ளி விழுந்து இரண்டாவது விழவில்லை, அடுத்த சொல்லில் அதற்கு மாறு. பதிகம் இருந்த பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மாஸ்டர் கோபிக்கவில்லை. காலமெல்லாம் தமிழ் படிப்பித்தவர். எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும், அதனால் ஏட்டில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள், படிக்கிறவர்தான் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று பிரித்துக்கொள்ள வேண்டும் என்று எனக்குப் பத்து நிமிடம் பாடம் எடுத்தார். பிளேன்டீயையும் குடித்தார். எழும்பிப் போகும்போது மட்டும், "ஆனா தம்பியை அமரர் எண்டே போடு பிள்ளை. ஓலை வாசிக்கிற ஆக்கள் இப்ப இல்லை" என்றார்.

நான் திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். கிழமையில் மூன்று நாள் டவுனில் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் காணி உறுதிப் பத்திரம் அடிப்பது, மிச்ச நாட்களில் வீட்டில் இருந்து கல்வெட்டு, கலியாணக் காட், ரியூசன் வாத்திமாரின் வினாத்தாள். எல்லாம் பாமினி எழுத்துருவில். யூனிகோட் வந்து எவ்வளவோ காலமாகிவிட்டது, எனக்குத் தெரிந்த அச்சகங்கள் இன்னும் பாமினியை விடவில்லை. நானும் விடவில்லை. தட்டச்சுப் பொறியில் பழகிய விரலுக்கு அது சொந்த வீடு மாதிரி.

பாமினியில் அடிக்கிறவர்களுக்கு இந்நேரம் விஷயம் விளங்கியிருக்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தமிழ் என்ற சொல்லை பாமினியில் அடிக்க, ஆங்கிலக் கீபோர்டில் ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் செமிக்கோலன். அந்தச் செமிக்கோலன்தான் மெய்யெழுத்தின் புள்ளி. வலது சுண்டுவிரல் சும்மா இருக்கும்போதும் அதன் மேல்தான் படுத்திருக்கும். வணக்கம் என்று ஒரு தரம் அடிக்க அந்த விசையை இரண்டு தரம் அடிக்க வேண்டும். என் மடிக்கணினியில் மற்ற எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்க, அந்த ஒரு விசையில் மட்டும் வெள்ளை அடையாளம் முழுக்கத் தேய்ந்து, நடுவில் எண்ணெய் பூசியதுபோல ஒரு மினுக்கம்.

இன்னொரு சங்கடம். பாமினிக் கோப்பின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது, அவ்வளவே. கணினிக்கு அது தமிழே அல்ல. ஆகவே எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு போடும் வசதியெல்லாம் நமக்குக் கிடையாது. புள்ளி விழாவிட்டால், மாஸ்டர் போல ஒருவர் வாசிக்கும்வரை அது விழாமலே இருக்கும்.

முதல் கிழமை நான் செய்ததெல்லாம் முட்டாள் வேலை. முதலில் பலமாக அடித்தேன். சுண்டுவிரல் நொந்ததுதான் மிச்சம். பிறகு கணினியைக் கவிழ்த்துப் பிடித்து முதுகில் தட்டினேன். மாரி பிஸ்கட் தூளும், ஒரு செத்த எறும்பும், எங்கே போனதென்று தெரியாத என் மூக்குத்தித் திருகும் விழுந்தன. திருகு கிடைத்ததில் சந்தோஷம். புள்ளி விழவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, ஓர் இரவு அரிசிப் பானைக்குள் வைத்துப் பார் என்றார். என் கணினியில் தண்ணீர் விழவே இல்லை. விழுந்திருந்தாலும் அரிசி பெரிதாக ஒன்றும் செய்யாது, தவிடு உள்ளே போனால் அதை எடுக்க இன்னொரு ஆள் பிடிக்க வேண்டும். தேத்தண்ணி ஊற்றுப்பட்டால் செய்ய வேண்டியது வேறு: உடனே கரண்டைப் பிடுங்கி, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, திறந்த புத்தகத்தைக் குப்புற வைப்பதுபோல வைத்துவிட்டு, பற்றரியைக் கழற்றித் தரக்கூடிய ஒருவரைத் தேட வேண்டும். ஹெயார் டிரையரைத் தூக்கிக்கொண்டு வரக் கூடாது.

அடுத்து விண்டோஸ் மேல் சந்தேகப்பட்டேன். அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருடம் ஒரு ரியூசன் வாத்தியார் "கீபோர்ட் செத்துப்போச்சு" என்று தன் கணினியைக் கொண்டுவந்தார். எந்த விசையைத் தட்டினாலும் எழுத்து வராது, கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால்தான் வரும். வலப்பக்க ஷிஃப்டை எட்டு விநாடி விடாமல் அழுத்தினால், 'ஃபில்டர் கீஸ்' என்ற ஒன்றைப் போடவா என்று விண்டோஸ் கேட்கும். அவருடைய சின்ன மகள் விளையாட்டாக ஆமென்று சொல்லியிருக்கிறாள். அது போட்டிருந்தால் சட்டென்று தட்டும் தட்டல்களையெல்லாம் கை தவறிப் பட்டது என்று கணினி தள்ளிவிடும். கை நடுங்குகிறவர்களுக்கு நல்ல வசதி, வினாத்தாள் அடிக்கிறவருக்குத் தலைவலி. அமைப்புகளுக்குள் போய் அணைத்துக் கொடுத்தேன், அரை நிமிட வேலை. அந்த ஞாபகத்தில் என்னுடையதிலும் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. யோசித்தால், அது போட்டிருந்தால் எல்லா விசையும் அல்லவா முரண்டுபிடிக்க வேண்டும், ஒன்று மட்டும் ஏன்?

அந்தக் கிழமை கழிந்த பிறகுதான் 1,800 ரூபாய்க்கு ஒரு யூ.எஸ்.பி. கீபோர்ட் வாங்கிச் செருகினேன். அதே கோப்பு, அதே பாமினி, ஒரு புள்ளி தப்பவில்லை. மாஸ்டரின் கல்வெட்டை அதில் திருத்தி, நாளுக்கு முன்னரே அச்சகத்துக்கு அனுப்பியாயிற்று. இந்த ஒரு சோதனை எனக்கு ஒரு கிழமையை மிச்சம் பிடித்திருக்கும், முதல் நாளே செய்திருந்தால். வெளிக் கீபோர்ட் ஒழுங்காக வேலை செய்தால் விண்டோஸும் எழுத்துருவும் குற்றவாளிகள் அல்ல. குற்றம் கணினியின் சொந்தக் கீபோர்டில், அல்லது அதிலிருந்து உள்ளே போகும் வழியில்.

அப்படியே யூ.எஸ்.பி. கீபோர்டோடு காலம் தள்ளியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வீட்டில் சரி. நொத்தாரிசு அலுவலகத்தில் எனக்குத் தந்திருக்கும் மேசையைப் பார்த்தால் கேட்கமாட்டீர்கள். கோப்புக் குவியல், முத்திரைப் பெட்டி, கைரேகை மை, ஐயாவின் கண்ணாடிக் கூடு, அவர் பாதி குடித்து வைத்த தேத்தண்ணி. கணினியை வைத்தால் கை வைக்க இடமில்லை.

தங்கச்சியின் மகன் வவுனியாவில் படிக்கிறான். வாட்ஸப்பில் அவனுக்கு அழைப்பெடுத்து, "தம்பி, செமிக்கோலன் சில நேரம் வேலை செய்யுது, சில நேரம் செய்யுதில்லை" என்றேன்.

"சில நேரம் எண்டா எந்த நேரம், பெரியம்மா?"

"சில நேரம்தான்."

"அப்பிடி ஒரு நேரம் இல்லை. எழுதி வையுங்கோ. மணி, மழையா வெயிலா, சார்ஜரில போட்டிருக்கோ இல்லையோ, எத்தனை தரம் அடிச்சு எத்தனை விழுந்தது, எல்லாம்."

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். பழுது என்று சொன்னால் மருந்து சொல்லாமல் வீட்டுவேலை தருகிறான். ஆனாலும் பழைய சி.ஆர். கொப்பி ஒன்றை எடுத்தேன். செமிக்கோலனை வழமையான பலத்தில் இருபது தரம் தட்டி, திரையில் எத்தனை விழுந்தது என்று எண்ணி எழுதுவது. கொப்பி இப்போதும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கம் இப்படி:

செவ்வாய் 5.10 – 20க்கு 11. இரவு முழுக்க மழை. யன்னல் திறப்பு.
செவ்வாய் 9.40 – 20க்கு 19. வெயில்.
செவ்வாய் 2.00 – 19. நொத்தாரிசுவில், ஏசி.
புதன் 5.00 – 9. தூறல். 'பிள்ளைகள்' அடித்தால் 'பளளைகள'.
புதன் 7.15 – 15.
புதன் 10.30 – 19.
வியாழன் 5.05 – 8. சைபர் விழவில்லை!!

மூன்றாம் நாளே கொப்பி கதைக்கத் தொடங்கிவிட்டது. விடிய அஞ்சு மணிக்கு மோசம், வெயில் ஏற ஏறச் சுகம். எனக்கு அது முன்னர் ஏன் படவில்லை என்றால், மற்ற மாதங்களில் நான் விடிய எழும்பி அடிப்பதே இல்லை. திருவெம்பாவைக் காலத்தில் கோவில் ஒலிபெருக்கி இருட்டோடு எழுப்பிவிடும், எழும்பிய கையோடு வேலையைத் தொடங்குவேன். மாஸ்டரின் கல்வெட்டில் முன்பக்கமும் அஞ்சலியும் விடியற்காலையில் அடித்தவை. பதிகத்தை மத்தியானம் அடித்தேன். அது சுத்தமாக இருந்தது கோணேசர் கிருபை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது விஷயம் புதன்கிழமைக் குறிப்பில் இருக்கிறது. 'பிள்ளைகள்' என்பதில் புள்ளிகள் மட்டுமல்ல, பி-யின் விசிறியும் போய்விட்டது. பாமினியில் அது பி என்ற ஆங்கில விசை. வியாழன் அன்று சைபர். வெள்ளி அன்று அதற்குப் பக்கத்து இணைப்புக்கோடு. இந்த நாலும் வலது பக்கம்தான். ஆனால் மேலிருந்து கீழே ஒரே வரிசையாக, அவற்றோடு ஒட்டியிருக்கும் எல், ஓ, ஒன்பது எல்லாம் நன்றாகவே இருந்தன. தேத்தண்ணிக் கறை என்றால் ஒரு வட்டமாக அல்லவா கெட்டுப்போக வேண்டும்?

சைபர் விழாதது எனக்கு வயிற்றைக் கலக்கியது. கல்வெட்டில் புள்ளி போனால் ஓலைச்சுவடி. உறுதியில் சைபர் போனால் பத்து லட்சம் ஒரு லட்சமாகிவிடும். எழுத்திலும் தொகை எழுதுவோம், ஐயாவும் வாசிப்பார், இருந்தாலும் அன்று முழுக்க உறுதிகளில் சைபரை விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

கீபோர்டுக்குள் என்ன இருக்கிறது என்று தம்பி அன்றிரவு விளக்கினான். நூறு விசைக்கு நூறு வயர் கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் மூன்று, ஒன்றின் மேல் ஒன்று. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் கடத்தும் மையால் கோடுகள் அச்சிட்டிருக்கும், நடுத் தாளில் ஒவ்வொரு விசைக்கும் நேரே ஒரு ஓட்டை. விசையை அமுக்கினால் ரப்பர் மொட்டு ஒன்று அமுங்கி, மேல் கோட்டையும் கீழ்க் கோட்டையும் அந்த ஓட்டை வழியாக முட்ட வைக்கும். குறுக்குக் கோடு எது, நெடுக்குக் கோடு எது என்று பார்த்துத்தான் எந்த எழுத்து என்று கணினி கண்டுபிடிக்கிறது. கோடுகள் மொத்தம் இரண்டு டசின் அளவில் இருக்கும், எல்லாம் ஒரு நாடா வழியாக உள்ளே போகும். ஆகவே ஒரு கோட்டில் பிசகு வந்தால் அந்தக் கோட்டில் குடியிருக்கும் விசைகள் எல்லாம் சேர்ந்து படுக்கும், பக்கத்திலேயே இருந்தாலும் வேறு கோட்டு விசைக்கு ஒன்றும் ஆகாது. நிலாவெளி பஸ் வராவிட்டால் உப்புவெளிச் சந்தியிலும் ஆட்கள் நிற்பார்கள், நிலாவெளியிலும் நிற்பார்கள். அதே நேரம் வேறு வழியில் போகிற பஸ் வெறுமையாகப் போகும்.

"ஒரு விசை மட்டும் எண்டா அந்த விசையைப் பாருங்கோ. நாலஞ்சு விசை சேர்ந்து எண்டா நாடாவைப் பாருங்கோ" என்றான். பிறகு, "மேசையில வைச்சா கணினி ஆடுதோ? மவுஸ் தடவுற இடம் மேல தள்ளிக்கொண்டு நிக்குதோ?" என்று கேட்டான். பற்றரி வீங்கினால் அடியிலிருந்து கீபோர்டைத் தள்ளும், சார்ஜ் ஏறிச் சூடாகும்போதும் விசைகள் சண்டித்தனம் பண்ணும். அப்படி வீங்கியிருந்தால் சார்ஜ் போடுவதை அந்த நிமிடமே நிற்பாட்ட வேண்டும், குத்தவோ அமுக்கவோ கூடாது. என்னுடையது ஆடவில்லை.

அடுத்த விடியல், கணினி தொடங்கும்போதே, விண்டோஸுக்கு முன்னர் எழும்பும் பயாஸ் என்ற அடிப்படை நிரலுக்குள் போய்ப் பார்த்தேன். சில கணினிகளில் அங்கேயே கீபோர்ட் சோதனை வைத்திருப்பார்கள், என்னுடையதிலும் இருந்தது. விண்டோஸ் இன்னும் எழும்பவே இல்லை, ஆனால் செமிக்கோலனைத் தட்டினால் அதன் கட்டம் ஒரு தரம் எரிந்தது, இரண்டு தரம் சும்மா கிடந்தது. இனி எந்த மென்பொருளையும் அழித்துப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை என்று தெரிந்துவிட்டது.

அன்று மத்தியானம் மத்திய வீதியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பஸ் நிலையத்தடியில் மான்கள் நிழல் பார்த்துப் படுத்திருந்த நேரம், நல்ல வெயில். கடைப் பெடியன் செமிக்கோலனைப் பத்துப் பதினைந்து தரம் தட்டினான். எல்லாம் விழுந்தது.

"ஒண்டும் இல்லையே அக்கா."

ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இருந்த காய்ச்சல் டொக்டரைக் கண்டதும் போய்விடுகிற கதை. நான் கொப்பியை எடுத்து விரித்தேன். முதலில் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்று, இரண்டு பக்கமும் படித்தான். "வீடு கடற்கரைப் பக்கமோ?" என்று கேட்டான். உப்புவெளி என்றேன். ஊரின் பெயரிலேயே உப்பு.

அவன் சொன்னதும் தம்பி சொன்னதும் பொருந்தின. எங்கள் யன்னல் கம்பி இரண்டு வருடத்தில் துரு தின்று உதிர்கிறது, கதவுப் பிணைச்சலுக்கு மாதம் ஒருக்கா எண்ணெய் விடுகிறேன், அப்படியிருக்க மேசையில் திறந்து கிடக்கும் கணினியை மட்டும் கடல் காற்று விட்டுவைக்குமா? உப்புத் தூள் காய்ந்து கிடக்கும்போது பெரிதாக ஒன்றும் செய்யாது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். அடுப்படியில் உப்புப் போத்தல் மழை நாளில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். கரைந்த உப்பு உலோகத்தை அரிக்கும், அரித்த இடத்தில் மின்சாரம் ஒழுங்காகப் போகாது. வாடைக் காற்றும் மழையுமாக இருக்கும் மார்கழி விடியலில் இது உச்சம். வெயில் ஏறி, கணினியும் தன் சூட்டில் காய்ந்ததும், அரைகுறைத் தொடர்பு திரும்பப் பிடித்துக்கொள்ளும். கச்சான் காற்றுக் காலத்தில் இதே கணினி மூச்சுக் காட்டாமல் வேலை செய்தது.

பெடியன் நேர்மையானவன். "திறந்து துடைச்சுப் பாக்கலாம். புதுக் கீபோர்ட் எண்டா கொழும்பில இருந்து வரவேணும், 7,500 முடியும்" என்றான். அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பி ஊருக்கு வருவதாக இருந்தான். நாங்களே திறந்து பார்ப்போம் என்று திரும்பிவிட்டேன். இப்போது வருகிற பல கணினிகளில் கீபோர்டை மேல் மூடியோடு பிளாஸ்டிக் முளைகளால் உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். அப்படியானால் வீட்டில் கை வைக்காதீர்கள். என்னுடையது 2017இல் பாவித்ததாக வாங்கியது, கீபோர்ட் தனியாகக் கழன்று வரும் பழைய ரகம்.

ஞாயிறு. சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி. ஒரு தாளில் கணினியின் அடிப்பக்கத்தைப் பெரிதாக வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அது இருந்த இடத்தில் செலோடேப்பால் ஒட்டினான் தம்பி. திருகாணிகள் ஒரே நீளமல்ல. நீளமானதைக் கட்டையானதின் இடத்தில் முறுக்கினால் மறுபக்கம் வெளியே வந்துவிடும். இரண்டு திருகாணி ரப்பர்ப் பாதத்துக்கு அடியில் ஒளிந்திருந்தது. முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றினான். பிறகு பழைய ரீலோட் அட்டை ஒன்றை விளிம்பில் செருகி மெல்ல மெல்ல நெம்ப, டிக் டிக்கென்று கொளுவிகள் விட்டுக்கொடுத்தன. எனக்கு ஒவ்வொரு டிக்குக்கும் நெஞ்சு இடித்தது.

கீபோர்டைப் புரட்டினால் அடியில் ஒரு நாடா. சிகரட் பெட்டித் தாள் அளவு மெல்லியது, அரை விரல் நீளம். அது போய்ச் செருகியிருக்கும் வாயில் கறுப்புத் தாழ்ப்பாள் ஒன்று. அதை நகத்தால் மேலே தூக்கினால் நாடா தானாக விடும், தாழ்ப்பாளைத் தூக்காமல் நாடாவை இழுத்தால் இரண்டும் பாழ். கழற்றி வெளிச்சத்தில் பிடித்தோம். நாடாவின் நுனியில் வரிசையாகப் பல்லுப் பல்லாக இருக்கும் தொடுகைகளில் ஒரு ஓரத்தில் இரண்டு மூன்று மங்கிப்போய், அவற்றுக்கு நேரே வாய்க்குள் இருந்த ஊசிகளில் பச்சை கலந்த வெள்ளைப் பூஞ்சணம் மாதிரி ஒரு படிவு. புட்டு அவிக்கிற பித்தளைப் பானையைப் புளி போட்டு மினுக்காமல் விட்டால் பிடிக்குமே, அந்தப் பச்சை. நாடாவும் கொஞ்சம் சரிந்துதான் இருந்திருக்கிறது, ஒரு பக்கம் உள்ளே, ஒரு பக்கம் மயிரளவு வெளியே. எனக்கு முன்னர் வைத்திருந்தவர் யாரோ எப்போதோ திறந்திருக்கிறார்.

வீட்டில் சேர்ஜிகல் ஸ்பிரிட் இருந்தது. தம்பி வேண்டாம் என்றான். சில ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், காய்ந்த பிறகு மேலே படலமாக நிற்கும். பெடியனின் கடையில் வாங்கிவைத்த ஐசோபுரொப்பைல் அல்ககோலைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து, நாடாவின் பற்களை நீளவாக்கில் மட்டும் தடவினான். அழிறப்பரால் தேய்க்கலாமா என்று கேட்டதற்கு, மேலே இருப்பது மெல்லிய பூச்சு, தேய்த்தால் அதுவும் வந்துவிடும் என்றான். வாய்க்குள் குச்சி போகாது, அங்கே மெல்லிய தூரிகை. பஞ்சில் கறுப்புப் பிடித்தது. அரை மணித்தியாலம் காயவிட்டு, நாடாவை நேராகச் செருகித் தாழ்ப்பாளைப் படுக்க வைத்தான்.

திங்கள் 5.00 – பி 20, சைபர் 20, இணைப்புக்கோடு 20, செமிக்கோலன் 18. மழை.

செமிக்கோலன் 18! மற்ற மூன்றும் பூரண சுகம், என் புள்ளி மட்டும் இன்னும் நொண்டுகிறது. பத்து மணிக்கு 19. மத்தியானம் 18. செவ்வாய் விடிய 19. கொப்பியைப் புரட்டிப் பார்த்தபோதுதான் அது பிடிபட்டது. வெயில் நேரத்தில் எல்லாம் சரியாக இருந்ததாக நான் நம்பிய நாட்களிலும் செமிக்கோலன் ஒருநாளும் 20 எடுத்ததே இல்லை, எப்போதும் 19. 20க்கு 9 என்ற காலை மதிப்புக்குப் பக்கத்தில் 19 கண்ணுக்குப் படவில்லை. இரண்டு பழுதுகள் ஒரே விசையில் குடியிருந்திருக்கின்றன. ஒன்று ஈரத்தோடு வந்து போவது, மற்றது நேரகாலம் பார்க்காதது. கடைப் பெடியன் தட்டிய பத்துப் பதினைந்தில் அந்த ஒரு தவறல் அவன் கையில் அகப்படவில்லை, அவ்வளவுதான்.

அந்த விசையின் மூடியை நானே கழற்றினேன். தம்பி திரும்பிப் போய்விட்டான், எனக்கோ பொறுமை இல்லை. மூடிக்கு அடியில் கத்தரிக்கோல் போல இரண்டு வெள்ளைச் சட்டங்கள் ஒன்றை ஒன்று குறுக்கிட்டு மடிந்து எழும்பும், அவற்றின் காதுகள் நாலு கொளுவிகளில் தொங்கும். எந்தப் பக்கம் வழுக்கி எடுக்க வேண்டும் என்று தெரியாமல் நேரே தூக்கினேன். ஒரு கொளுவி நெல்மணி அளவில் உடைந்து துணியில் விழுந்தது. அது என் பிழை, வேறு யாரையும் சொல்ல ஏலாது. நடுவில் ரப்பர் மொட்டு. பக்கத்து விசையின் மொட்டு கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல வடிவாக நின்றது. இதுவோ ஒரு பக்கம் பிளந்து, அமுக்கினால் நேரே இறங்காமல் சாய்ந்து படுத்தது. எத்தனை வருடப் புள்ளிகள்! எத்தனை உறுதி, எத்தனை அமரர்!

மொட்டை ஒட்டவோ மாற்றவோ பார்க்கலாம் என்று இணையத்தில் ஆட்கள் காட்டுகிறார்கள். கொளுவியும் போன பிறகு எனக்கு அந்த ஆசை இல்லை. கீபோர்டுக்குப் பணம் கட்டிவிட்டு வந்தேன். கொழும்பிலிருந்து வரும்வரை மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் பவர் டோய்ஸ் என்ற பொதியில் விசை மாற்றும் வசதியை எடுத்து, கப்ஸ் லொக்கைச் செமிக்கோலன் ஆக்கிவைத்தேன். பாமினியில் கப்ஸ் லொக் யாருக்கு வேண்டும்? அந்தப் பொதி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும்வரைதான் மாற்றம் நிற்கும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். ஆறு நாள் இடது சுண்டுவிரலால் புள்ளி வைத்தேன். இடது கையால் கோலம் போடுகிற மாதிரி. முதல் நாள் ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம். மூன்றாம் நாள் விரல் ஒருவாறு படிந்துவிட்டது, ஆனால் வலது சுண்டுவிரல் பழைய இடத்தில் தானும் ஒரு தட்டுத் தட்டாமல் விடவில்லை.

புதுக் கீபோர்ட் வந்து இப்போது சில மாதங்கள். இரவில் கணினியை மூடி, மேலே ஒரு துணி போட்டு, யன்னலுக்கு எதிர்ப்பக்கம் வைக்கிறேன். மழைக்காலத்தில் அலுமாரிக்குள், சப்பாத்துப் பெட்டிகளில் வரும் அந்தச் சிலிக்கா மணிப் பொட்டலங்கள் பத்தோடு. மாஸ்டர் கல்வெட்டுப் பிரதி ஒன்றை எனக்குத் தந்தார். முழுக்கப் படித்துப் பிழை இல்லை என்று அவரே பின்னட்டையில் பென்சிலால் சரி போட்டிருந்தார்.

ஆனால் விரல் மட்டும் இன்னும் நம்பவில்லை. விழாதோ என்ற பயத்தில் இரண்டு தரம் தட்டப் பழகிய பழக்கம் போகவில்லை. பாமினியில் அது தெரிவதில்லை, ஒரு புள்ளியின் மேல் மற்றப் புள்ளி விழுந்து ஒன்றாகவே நிற்கும். போன கிழமை ஒருவர் யூனிகோடில் கேட்டார், மாற்றிக் கொடுத்தேன். 'மக்கள்' என்ற சொல்லின் முடிவில் புள்ளியைத் தலையில் சுமந்துகொண்டு ஒரு வெறும் வட்டம் நின்றது. இப்போது எந்தக் கோப்பை முடித்தாலும் முதல் வேலை, இரட்டைச் செமிக்கோலனைத் தேடி ஒற்றையாக்குவது. நேற்றைய உறுதியில் முப்பத்தேழு.